கோழிக் கூட்டிற் புகுந்த பகை

யாழ்ப்பாணக் கிராமங்களிலே கோழி வளர்ப்பு பெரும்பாலும் தனித்த ஒரு தொழிலாக அமைவதில்லை. வளவோடும் குடும்பத்தோடும் சேர்ந்த ஒரு வழக்கமாகவே அமைகின்றது. அடுக்களைக்குப் பின்புறத்தில் ஒரு கூடு. அதிலே பத்துப் பன்னிரண்டு கோழிகள். முற்றத்திற் சிந்திய அரிசியும் புற்றிலிருந்து வெட்டி வந்த கறையானும் அவற்றுக்கு உணவு. முட்டை விற்ற காசு வீட்டுத் தலைவியின் கையிலே தங்கிப் பிள்ளைகளின் கொப்பிக்கும் பென்சிலுக்கும் உதவுகின்றது. அத்தகைய வீட்டிலே ஒருநாள் அதிகாலையிற் கூட்டைத் திறக்கச் செல்பவள், கதவடியிற் சிறகுகள் சிதறிக் கிடப்பதையும், உள்ளே மூன்று பேடுகள் கழுத்து முறிந்து கிடப்பதையும், எஞ்சியவை மூலையில் ஒடுங்கி நிற்பதையும் கண்டால், அவளுக்கு நேர்ந்த இழப்பு வெறும் மூன்று பறவைகளின் விலை மாத்திரம் அன்று.

அவ்வேளையில் முதலில் எழுவது கோபம். அடுத்து வருவது, இனிக் கோழியே வேண்டாம் என்ற சோர்வு. இரண்டும் இயல்பானவையே. ஆயினும் அன்று பொழுது சாயுமுன் மூன்று காரியங்கள் முடிந்தாக வேண்டும். உயிரோடிருப்பவற்றைக் காப்பாற்றுதல் ஒன்று; வந்தது எது, எவ்வழியால் வந்தது என்று அறிதல் இரண்டு; அவ்வழியை அடைத்தல் மூன்று. இதிலே தாமதம் கூடாமைக்குக் காரணம் உண்டு. ஓரிடத்தில் எளிதாக இரை கண்ட விலங்கு அவ்விடத்தை மறப்பதில்லை. மறுநாள் இரவோ அதற்கடுத்த இரவோ அது மீண்டும் வரும் என்றே எதிர்பார்க்க வேண்டும்.

முதலில், உயிரோடிருக்கும் கோழிகளைக் கவனிப்போர் செய்யத்தக்கவை எவை? காயமடைந்த கோழியை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிட வேண்டும். இரத்தத்தின் செந்நிறத்தைக் கண்டால் ஏனைய கோழிகள் அவ்விடத்தையே கொத்தத் தொடங்கும். பகைவிலங்கிடம் தப்பியது தன் கூட்டத்தாரிடமே உயிரிழப்பதும் உண்டு. வைக்கோல் பரப்பிய ஒரு கடகத்திலோ பெட்டியிலோ அதனை வைத்து, காற்றுப் புகும்படி சாக்கினால் மூடி, இருளும் அமைதியும் வெதுவெதுப்பும் உள்ள இடத்தில் இருத்துதல் நன்று. அதிர்ச்சியுற்ற கோழி கண்ணை மூடிக்கொண்டு அசையாது நிற்கும். அதனை அடிக்கடி தூக்கிப் பார்ப்பதும், வாயைத் திறந்து உணவு திணிப்பதும் தீங்காகவே முடியும். குடிக்கச் சிறிது நீரை அருகில் வைத்தாற் போதும்.

குருதி வடியுமாயின் சுத்தமான துணியை மடித்து, சில நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடித்தல் வேண்டும். பின்பு காயத்தைச் சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரித்து, கொதித்து ஆறிய நீரிலே உப்புக் கலந்து கழுவ வேண்டும். அரை லீற்றர் நீருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போதுமானது. மண்ணெண்ணெய் ஊற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது தோலை எரித்துப் புண்ணைப் பெரிதாக்கும், ஆகையால் அதனை விலக்குக. பல் பதிந்த காயம் வெளியே சிறிய துளையாகத் தோன்றினாலும் உள்ளே ஆழமாயிருக்கும். எங்கள் வெப்ப நாட்டிலே ஈ மொய்த்து, ஓரிரு நாளிற் புண்ணிற் புழு வைத்துவிடும். ஆழ்ந்த காயமாயின் அரசாங்க மிருக வைத்தியரை நாடுவதே தக்கது. காயமில்லாத கோழிகளும் சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ முட்டையிடாது விடக்கூடும். அதனைக் கண்டு அவற்றை உடனே விற்றுவிடுதல் அவசரச் செயலாகும். அமைதியான உறக்கமும் வழமையான தீனும் கிடைத்தால் அவை பழைய நிலைக்குத் திரும்பும்.

இறந்தவற்றைக் கறிக்கு எடுத்தல் ஆகாது. எத்தனை மணி நேரம் அவை கிடந்தன என்பதும், கடித்த விலங்கின் வாயில் என்ன இருந்தது என்பதும் தெரியா. அவற்றை வேலிக்கு வெளியே வீசுதலும் பிழை. அஃது அடுத்த விலங்குக்கு விடுக்கும் அழைப்பாகும். இரண்டு மூன்றடி ஆழத்திற் புதைக்க வேண்டும். அதுவும் கிணற்றுக்கு எட்டவாகப் புதைத்தல் வேண்டும். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல்லாலானது. மேலே விழும் அழுக்கு அக்கல்லின் வெடிப்புகளூடாகக் கிணற்று நீரை எளிதில் அடையும்.

இனி, வந்தது எது என்ற ஆராய்ச்சிக்கு வரலாம். முற்றத்தைக் கூட்டிப் பெருக்குமுன் இதனைச் செய்தல் வேண்டும்; விளக்குமாறு பட்டவுடன் சாட்சிகள் யாவும் அழிந்துவிடும். தாக்குதல் பகலில் நேர்ந்ததா, இரவில் நேர்ந்ததா என்பது முதற் கேள்வி. இலங்கையில் நான்கு வகைக் கீரிகள் உள்ளன; வீட்டு வளவுகளில் அடிக்கடி காணப்படும் கீரி பெரும்பாலும் பகலிலேயே இரை தேடுவது. பருந்தும் வல்லூறும் பகற் பகைவர்களே. காகமும் சிறு குஞ்சுகளைத் தூக்கிச் செல்லும். மரநாயும் காட்டுப்பூனையும் இருளில் வருவன. வன்னியிலும் காட்டோரக் கிராமங்களிலும் நரியும் இரவிலே வரும். சதுப்பு நிலங்களை அடுத்த ஊர்களில் மீன்பிடிப் பூனையும் உண்டு. கொழும்பு மாநகரின் சதுப்புகளிற்கூட அது வாழ்கின்றது. நாய்க்கோ பகலும் இரவும் ஒன்றே.

அடுத்து, எஞ்சிக் கிடப்பதைப் பார்க்க வேண்டும். முழுக்கோழியே காணாமற்போய்ச் சில சிறகுகள் மாத்திரம் வேலிவரை சிந்தியிருந்தால் நரியையோ காட்டுப்பூனையையோ ஐயுறலாம். பல கோழிகள் அங்குமிங்கும் குதறப்பட்டு, உண்ணப்படாமலே கிடந்தால் அது பெரும்பாலும் நாயின் வேலை. தலையிலும் கழுத்திலும் கடியுண்டு, உடல் கூட்டினுள்ளேயே ஒருபாதி தின்னப்பட்டுக் கிடந்தால் மரநாயோ கீரியோ வந்திருத்தல் கூடும். இறகுகள் ஓரிடத்திற் குவியலாகப் பிடுங்கப்பட்டிருப்பின் அது வல்லூறு போன்ற பறவையின் செயல். முட்டை ஓடும் எஞ்சாமல் மறைந்தால் பாம்பையும், ஓடு உடைந்து கிடந்தால் கீரி, எலி, உடும்பு ஆகியவற்றையும் எண்ண வேண்டும். ஆயினும் ஒரே ஓர் அடையாளத்தை மாத்திரம் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. ஒரு விலங்கு கொன்றதை இன்னொரு விலங்கு வந்து தின்பதும் உண்டு.

காலடி நல்ல சாட்சி. கூட்டைச் சுற்றி மாலையில் மெல்லிய மணலையோ சாம்பலையோ தூவிவிட்டால், அடுத்த காலையில் வந்தவரின் கையொப்பம் அதிலே இருக்கும். நாய், நரி ஆகியவற்றின் சுவட்டில் நான்கு விரல்களும் நகக்குறியும் தெரியும். பூனை இனத்தின் சுவட்டில் நான்கு விரல்கள் தெரியினும், நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதால் நகக்குறி இராது. மரநாய்க்கும் கீரிக்கும் ஐந்து விரல்கள்.

இங்கே பலரும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. பசிக்கு ஒரு கோழி போதுமே. எட்டுக் கோழிகளைக் கொன்றுவிட்டு உண்ணாமற் செல்வது வன்மத்தினால் அன்றோ என்பதே அது. இதனை ஆராய்ந்தவர்களுள் ஹான்ஸ் குரூக் என்னும் விலங்கியல் அறிஞர் ஒருவர். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலே நிலத்திற் கூடு கட்டும் கடற்பறவைகளை, இருள் மிகுந்த இரவுகளில் நரிகள் தேவைக்கு மேலாகக் கொன்றதை அவர் கண்டார். 1972 ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டார். வேட்டை விலங்கு இரையைப் பிடிக்கும் இயல்பு, வயிறு நிறைந்தவுடன் நின்றுவிடுவதில்லை. காட்டிலே ஒன்றைப் பிடித்தவுடன் மற்றவை பறந்து போகும். ஆகவே கொலை ஒன்றோடு முடியும். இருளிலே அப்பறவைகள் பறக்கவில்லை. ஆகவே கொலை தொடர்ந்தது. மூடிய கூட்டினுள்ளும் நிகழ்வது இதுவே. கோழிக்கு இருளிற் கண் தெரியாது, ஓடவும் வழியில்லை. சிறகடித்துக் கத்தும் ஒவ்வொரு கோழியும் விலங்கின் வேட்டை இயல்பை மீண்டும் தூண்டுகின்றது. இதனால் விளங்குவது யாதெனில், ஓட்டையுள்ள கூடு கூடே இல்லாமையிலும் கொடியது என்பதாம்.

அப்படியாயின் கூட்டை விட்டு மரத்தில் உறங்க விடலாமே எனின், அதுவும் தீர்வன்று. வீட்டுக் கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி மரக்கிளையில் உறங்கும் பறவை. அப்பழக்கத்தினாலேயே அந்தி சாய்ந்ததும் வளவுக் கோழிகள் முருங்கையிலும் மாவிலும் ஏற முயல்கின்றன. ஆனால் மரநாயோ மரமேறுவதிற் கைதேர்ந்தது. பனையுச்சிக்கு ஏறி முட்டியிலுள்ள கள்ளைக் குடிப்பதிலே பெயர் பெற்றது. அதற்கு முருங்கைக் கிளை ஒரு தடையாகாது.

எனவே கூட்டைச் செப்பமாக அமைப்பதே வழி. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் நான்கு கப்புகளின்மேல் கூட்டை நிறுத்தி, ஒவ்வொரு கப்பையும் சுற்றி வழுவழுப்பான தகரம் அடித்தால் ஏறுவன வழுக்கும். கூட்டின்மேற் சாய்ந்திருக்கும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்த உதவுமேயன்றிப் பகையை வெளியே நிறுத்த உதவாது. நாயின் பல்லுக்கு அது நூல் போன்றது. அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த கம்பி வலையே தக்கது. பெருங்கண் வலையாயின், அச்சத்தினால் தலையை நீட்டும் கோழியை வெளியிலிருந்தே பிடித்திழுக்கவும் முடியும். முழுக்கூட்டுக்கும் அவ்வலையை வாங்க வசதியில்லாதோர், பனஞ்சலாகைகளை நெருக்கமாக அடித்து, காற்றுக்காக விடும் இடைவெளிகளில் மாத்திரம் வலையைப் பொருத்தலாம்.

தரையோடு அமைந்த கூடாயின், வலையை ஓரடி ஆழம் மண்ணுட் புதைத்து, அடிப்பகுதியை வெளிப்புறமாக வளைத்துவிட வேண்டும். தோண்டும் விலங்கு சுவரோரத்திலேயே தோண்டும். அங்கே வலை தடுத்தால் பெரும்பாலும் கைவிட்டுப் போகும். கதவுக்குக் கயிறு போதாது. கொளுக்கியும் அதற்குமேல் ஒரு தாழ்ப்பாளும் வேண்டும். பின்பு ஒருவர் கூட்டினுள்ளே பார்த்து நிற்க, மற்றொருவர் வெளியே விளக்கைப் பிடித்துச் சுற்றி வரட்டும். வெளிச்சம் உள்ளே தெரியும் ஒவ்வோர் இடத்தையும் அளந்து பார்த்து, அரை அங்குலத்திற் பெரிதாயின் வலை அடித்தல் வேண்டும். ஒரே நாளில் யாவும் இயலாதெனின், அன்றிரவு கோழிகளைக் கரப்பினால் மூடி, மேலே பாரம் வைத்து, வீட்டு விறாந்தையிலேனும் வைத்திருத்தல் வேண்டும். இவை யாவற்றிலும் செலவில்லாத காவல் ஒன்றுண்டு: இருள் சூழுமுன் கோழிகளை எண்ணி அடைத்தல்.

வேலிப் பொட்டுகளைக் கிடுகினால் அடைப்பது நாயைத் தடுக்கும். குஞ்சுகள் மேயும் இடத்துக்குமேல் பழைய மீன்வலையைக் கட்டினால் பருந்தும் காகமும் அணுகா. இரவிலே தீனும் சோற்றுப் பருக்கையும் கூட்டடியிற் கிடத்தல் ஆகாது. அவை எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும்.

இறுதியாக, பழிவாங்கும் எண்ணம். நஞ்சு கலந்த இறைச்சியை வேலியோரம் வைப்போர் உண்டு. அதனை உண்பது கோழி தின்ற மரநாய்தான் என்று எவராலும் உறுதி கூற இயலாது; அயல் வீட்டு நாயாகவும் இருக்கலாம், விளையாடும் குழந்தையின் கையிலும் அகப்படலாம். சுருக்கும் பொறியும் அத்தகையனவே. மேலும், 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாலும், பின்வந்த திருத்தங்களினாலும் இந்நாட்டு வனவிலங்குகள் பல பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கொல்லுதல் குற்றமாகும். ஒன்றைக் கொன்றாலும் அதன் இடத்துக்கு மற்றொன்று வந்து சேரும். ஓட்டை அப்படியே இருக்கும். கீரியும் மரநாயும் எலிகளை உண்டு பயிருக்கு உதவுவன என்பதையும் கமக்காரர் மறத்தலாகாது. பகைவன் அயலவரின் நாயாயின், சிறகுகளையும் சுவட்டையும் காட்டிப் பொறுமையாகப் பேசுவதே நல்லுறவைக் காக்கும்.

கூட்டினுள் அகப்பட்ட விலங்கை வெறுங்கையாற் பிடிக்க முயலுதல் பெருந்தவறு. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றால் அது தானே ஓடிவிடும். கடியோ கீறலோ பட்டுவிட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆசுபத்திரிக்குச் செல்லுதல் வேண்டும். நாயால் மாத்திரமன்றி நரி, கீரி, மரநாய் ஆகியவற்றாலும் விசர்நோய் பரவக்கூடும். அந்நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. அதற்குமுன் ஏற்றப்படும் தடுப்பூசியோ உயிரைக் காப்பது. அது அரசாங்க ஆசுபத்திரிகளில் இலவசமாகவே ஏற்றப்படுகின்றது.

காலையிற் சிறகுகளைக் கண்டு கலங்கியவள், மாலையிலே வலை அடித்த கூட்டில் எஞ்சிய ஒன்பது கோழிகளையும் எண்ணி அடைத்துக் கொளுக்கியை மாட்டுகிறாள். நள்ளிரவிலே ஏதோ ஒன்று வந்து கூட்டைச் சுற்றிப் பார்க்கிறது. வழி காணாமல் திரும்பிப் போகிறது. மறுநாட் காலை சாம்பலின்மேல் ஐந்து விரற் சுவடு. கூட்டினுள்ளே ஒன்பது கோழிகள்.