ஹோஸைக் கண்ணால் பார்த்தால் போதாது

பானெட்டைத் திறந்ததும் ரேடியேட்டரின் தலைமாட்டில் தடித்த கறுப்பு ஹோஸ் ஒன்று தெரியும். பெரும்பாலான கார்களில் எஞ்சினிலிருந்து கொதிநிலையை நெருங்கிய கூலன்ட் அதன் வழியாகத்தான் வருகிறது. ஆறிய கூலன்ட் கீழ் ஹோஸ் வழியாக வாட்டர் பம்புக்குத் திரும்பும். பின்னால் ஹீட்டருக்குப் போகும் இரண்டு மெல்லிய ஹோஸ்களும் உண்டு. அவற்றை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

வெளியே பளபளவென்று இருக்கும் ஹோஸும் திடீரென்று வெடிக்கும். காரணம், அது பெரும்பாலும் உள்ளிருந்துதான் கெடுகிறது. எஞ்சினின் உலோகம், கூலன்ட், ரப்பர் மூன்றும் சேர்ந்து மெல்லிய மின்வேதி வினை நடக்கிறது. அதனால் ரப்பரின் உட்சுவரில் நுண்ணிய கீறல்கள் விழுந்து, உள்ளே இருக்கும் நூல் பின்னலை நோக்கி நீளும். கிளாம்ப் மாட்டிய முனைகளில்தான் இது அதிகம்.

ஆகவே கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கட்டும், சாவி வெளியே இருக்கட்டும்; சில வண்டிகளில் எஞ்சின் நின்ற பிறகும் ஃபேன் தானாகச் சுழலும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. கிளாம்ப்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் விரல்களால் அமுக்குங்கள், பிறகு நடுப்பகுதியை. நடுவில் விறைப்பாகவும் முனையில் தளர்ந்தும் இருந்தால், அல்லது உள்ளே ஏதோ பிளவு தட்டுப்பட்டால், அந்த ஹோஸ் முடிந்தது. கல்போல இறுகி, வளைத்தால் வெடிப்பு தெரிந்தால் சூட்டில் வெந்துவிட்டது. பிசுபிசுப்பாக உப்பியிருந்தால் எங்கோ ஆயில் கசிகிறது. அந்தக் கசிவை அடைக்காமல் புது ஹோஸ் போடுவது வீண் செலவு.

கிளாம்ப்பைச் சுற்றி வெள்ளையாகவோ கூலன்ட்டின் நிறத்திலோ படிவு இருக்கிறதா? அங்கே கசிந்து காய்ந்திருக்கிறது. வண்டி ஆறும்போது ஹோஸ் ஒட்டிச் சப்பையானால் உடனே ஹோஸைக் குறை சொல்ல வேண்டாம். ரேடியேட்டர் மூடியிலுள்ள சின்ன வால்வு அடைத்துக்கொண்டாலும் அப்படி ஆகும்.

கசிந்த கூலன்ட்டைப் பச்சைத் தண்ணீரால் ஈடுகட்டிக்கொண்டே ஓட்டுவது நம்மூர்ப் பழக்கம். என் கணக்கில் அது நஷ்டம். ஹோஸ் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். ஓவர்ஹீட் ஆகி ஹெட் கேஸ்கெட் போனால் செலவு ஆயிரக்கணக்கில். மாற்றும்போது துருப்பிடித்த கிளாம்ப்பையும் மாற்றி, கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு, முனைகளில் ஈரம் இல்லை என்று பார்த்த பிறகு வண்டியை எடுங்கள்.