பிபிஏ படிப்பு: கல்லூரியைத் தேர்வு செய்யும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

திருவனந்தபுரம்: பிளஸ் 2 முடித்த பிள்ளையை எந்தக் கல்லூரியில் வணிக மேலாண்மை படிக்க வைப்பது என்பது, கேரளத் தலைநகரின் ஆரியசாலை, சாலைக் கடைவீதிப் பகுதிகளில் தலைமுறைகளாகத் தொழில் செய்துவரும் தமிழ் வணிகக் குடும்பங்கள் பலவற்றின் முன் உள்ள கேள்வி. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய இக்கடைவீதியில், கல்லூரிக் கட்டணம் பெரும்பாலும் கடையின் முதலிலிருந்தே எடுக்கப்படுகிறது. தேர்வு தவறினால் பணமும் பிள்ளையின் மூன்று ஆண்டுகளும் ஒருசேர வீணாகும்.

அங்கீகாரம் உள்ளதா?

பிபிஏ, பிஎம்எஸ், பிசிஏ படிப்புகளை நடத்தும் கல்லூரிகள் 2024-25 கல்வியாண்டு முதல் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) அனுமதியைப் பெற வேண்டும். கல்லூரியின் பெயரும் படிப்பும் அனுமதிக்கப்பட்ட இடங்களும் அக்குழுவின் இணையதளத்தில் உள்ளனவா என்பதைப் பெற்றோரே சரிபார்க்கலாம். பல்கலைக்கழகங்கள் நேரடியாக நடத்தும் படிப்புகளுக்கு இக்குழுவின் முன்அனுமதி தேவையில்லை என்று பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. எனவே, சேரவிருப்பது இணைப்புக் கல்லூரியா, பல்கலைக்கழகத் துறையா என்பதை முதலில் அறிய வேண்டும்.

மூன்றாண்டா, நான்காண்டா?

கேரளத்தில் 2024 ஜூலை முதல் நான்காண்டு இளநிலைப் பட்ட முறை நடைமுறையில் உள்ளது. மூன்றாம் ஆண்டு முடிவில் 133 கிரெடிட்டுகளுடன் பட்டம் பெற்று வெளியேறலாம். நான்காம் ஆண்டையும் தொடர்ந்து 177 கிரெடிட்டுகள் பெறுவோருக்கு ஆனர்ஸ் பட்டம் வழங்கப்படும். ஆராய்ச்சி, வெளிநாட்டு மேற்படிப்பு ஆகியவற்றை எண்ணுவோருக்கு நான்காம் ஆண்டு பயன் தரும். இந்தியாவில் வழக்கமான இரண்டாண்டு எம்பிஏ படிப்பில் சேர மூன்றாண்டுப் பட்டமே போதும்.

எல்லைக்கு அப்பால்

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த கன்னியாகுமரி மாவட்டத்துடன் இக்குடும்பங்கள் பலவற்றுக்கு உறவு தொடர்கிறது. அம்மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின்கீழ் வருகின்றன. நாகர்கோவிலில் சேர நினைப்போர் பாடத்திட்டம், பட்டக் காலம், விடுதிச் செலவு ஆகியவற்றைத் திருவனந்தபுரத்துடன் ஒப்பிட்ட பின்னரே முடிவெடுப்பது நல்லது.

ஐஐஎம் வாய்ப்பு

பிளஸ் 2 முடித்தவர்களுக்கான ஐந்தாண்டு ஒருங்கிணைந்த மேலாண்மைப் படிப்பை இந்தூர் ஐஐஎம் 2011-இல் தொடங்கியது. ரோத்தக் உள்ளிட்ட வேறு சில ஐஐஎம்களும் இத்தகைய படிப்பை நடத்துகின்றன. இவற்றுக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. பயிற்சியைப் பிளஸ் 1 வகுப்பிலேயே தொடங்குவது நல்லது. கட்டணம் பல லட்சம் ரூபாய் ஆகும் என்பதால் ஐந்தாண்டுகளுக்கான மொத்தச் செலவையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

தரவரிசையை எப்படிப் பார்ப்பது?

மத்திய அரசின் என்ஐஆர்எஃப் மேலாண்மைப் பட்டியலில் முன்னிலை வகிப்பவை பெரும்பாலும் எம்பிஏ நடத்தும் நிறுவனங்களே. ஒரு நிறுவனம் அதில் இடம்பெற்றிருப்பதால் மட்டும் அதன் பிபிஏ வகுப்பும் சிறந்தது எனக் கொள்ள முடியாது. நிரந்தர ஆசிரியர் எண்ணிக்கை, கணக்கியலுக்கும் புள்ளியியலுக்கும் ஒதுக்கப்படும் நேரம், கட்டாய உள்ளகப் பயிற்சி ஆகியவை நம்பகமான அளவுகோல்கள். வேலைவாய்ப்பு விவரத்தில் மிக உயர்ந்த சம்பளத்தை மட்டும் பார்க்காமல், நடுநிலைச் சம்பளத்தையும், மொத்த மாணவர்களில் எத்தனை பேர் வேலை பெற்றனர் என்பதையும் கேட்க வேண்டும்.

கடன் வசதி

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்தரக் கல்வி நிறுவனங்களில் சேருவோர் பிணையின்றிக் கடன் பெறலாம். ஆண்டு வருமானம் ரூ.8 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு, ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டு. வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ பெறுவோருக்கு இச்சலுகை கிடையாது. கல்லூரி இப்பட்டியலில் உள்ளதா என்பதை முன்பணம் கட்டும் முன் அறிய வேண்டும்.

கடைக்கே திரும்ப நினைக்கும் மாணவருக்குக் கணக்கு, வரி, சரக்கு மேலாண்மை ஆகியவற்றில் தேர்ச்சியே முதல் தேவை. அத்தகையோர் பிபிஏ-வுடன் பி.காம் பாடத்திட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெருநிறுவன வேலையை நாடுவோர் உள்ளகப் பயிற்சியும் வேலைவாய்ப்பும் வலுவாக உள்ள கல்லூரிக்கு முன்னுரிமை தரலாம். பட்டம் பெற்றபின் என்ன செய்யப்போகிறோம் என்பதை முடிவு செய்துகொண்டால், கல்லூரித் தேர்வு எளிதாகும்.