செருப்பு வாசலோடு நின்றுவிடுகிறது

காலில் புண்ணோடு மருத்துவமனைக்கு வரும் இனிப்பு நீர்க்காரர்கள் பலரும் சொல்வது, “வலிக்கவே இல்லையே டாக்டர்!” அந்த வலியின்மைதான் சிக்கலே. ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் மிகுந்துபோன சர்க்கரை பாதத்து நரம்புகளைக் கெடுத்துவிடுகிறது. நல்ல உணர்வுள்ள கால் ஓரிடத்தில் நொந்தால் நாம் நம்மையறியாமல் எடையை மாற்றிப் போட்டு நடப்போம். உணர்விழந்த கால் அதே இடத்தையே மிதித்துக்கொண்டிருக்கும். தோல் தடிக்கிறது, அடியில் சதை நசுங்குகிறது, புண் திறக்கிறது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் கிருமி புகுந்து, விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வந்துவிடும்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உறவினர் வட்டத்தில் விரல் எடுத்தவர் ஒருவரையாவது அறியாத குடும்பம் குறைவு.

இழந்த உணர்வைக் கருவியால் ஈடுகட்டலாம் என்ற எண்ணத்துக்குத் தமிழ்நாட்டு வேர் உண்டு. 1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அவர்களுடைய விரலையும் பாதத்தையும் பெரிதும் அழித்தது உணர்வின்மையே என்று காட்டியவர். 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிறகு, நீரிழிவுப் பாதத்திலும் அதே கதையைக் கண்டார். அழுத்தம் கூடிய இடத்தில் உடைந்து நீலம் காட்டும் நுண்குமிழ்கள் பதித்த காலுறையை 1969இலேயே அவர் குழு செய்து பார்த்தது. மின்கலமும் இல்லை, கைப்பேசியும் இல்லை. ஆனாலும் அதுவும் ஓர் உணரிதான்.

புண் ஆற முதல் தேவை, அந்த இடத்தில் எடை விழாமல் தடுப்பது. மருந்தும் கட்டும் அதற்குப் பிறகுதான். இலங்கை அறுவை மருத்துவர் மில்ராய் பால் கையாண்ட, பாதம் முழுதும் ஒட்டிப் போடும் மாவுக்கட்டை பிராண்ட் அமெரிக்காவில் பரப்பினார். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், அந்தக் கட்டுப் போட்டவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு 12 வாரத்தில் புண் ஆறியது. அதே வேலையைச் செய்யும், ஆனால் கழற்றக்கூடிய காலணி தரப்பட்டவர்களில் 65 விழுக்காட்டினருக்கே ஆறியது.

ஏன் இந்த வேறுபாடு? 2003இல் டேவிட் ஆம்ஸ்ட்ராங் குழுவினர் 20 பேரின் இடுப்பில் அடி எண்ணும் கருவி ஒன்றை மாட்டி, இன்னொன்றை அந்தக் காலணிக்குள் அவர்கள் கைக்கு எட்டாமல் வைத்தார்கள். நடந்த அடிகளில் 28 விழுக்காட்டில் மட்டுமே காலணி காலில் இருந்தது. நோயாளிகளைத் திட்டிப் பயனில்லை. வீட்டுக்குள், அதுவும் வலியே இல்லாத காலில், பெரிய காலணியை யார் மாட்டிக்கொண்டு திரிவார்?

அடுத்த கட்டம், காலணிக்குள் இருந்து எச்சரிக்கும் உள்ளங்கால் அட்டை. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஏற்கெனவே புண் வந்து ஆறிய 58 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒவ்வோர் அட்டையிலும் எட்டு அழுத்த உணரிகள். ஓரிடத்தில் அழுத்தம் நீடித்தால் கைக்கடிகாரம் அழைக்கும்: எடையை மாற்று, உட்கார். நடக்கும்போது மட்டுமல்ல, நெடுநேரம் நிற்கும்போதும் அது கவனிக்கிறது. கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானா கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இது பொருந்தும். 2019இல் வெளியான முடிவின்படி, எச்சரிக்கை பெற்றவர்களிடம் மீண்டும் புண் வருவது 71 விழுக்காடு குறைந்தது.

ஆனால் இந்த அட்டை இருப்பது செருப்புக்குள். நம் செருப்போ வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. கோயிலிலும் அப்படித்தான். தைப்பூசத்தன்று கொதிக்கும் தாரிலும் பத்துமலைப் படிகளிலும் வெறுங்காலே போகிறது. சப்பாத்து நாட்டுக்காரர்களுக்காக வடிவமைத்ததை அப்படியே வாங்கிக் கொடுத்தால் பாதி நாள் அது வாசலில் சும்மா கிடக்கும் என்பதே என் கருத்து.

நமக்கு ஏற்றது வெப்பத்தைப் பார்க்கும் முறை. தோல் உடைவதற்கு முன்பே அந்த இடம் அழன்று சூடாகிறது. இரு பாதங்களிலும் ஒரே இடத்தை அளந்து, வேறுபாடு 2.2 செல்சியஸைத் தாண்டி நீடித்தால் நடையைக் குறைக்க வேண்டும். ஒரு காலை மறு காலோடு ஒப்பிடுவதால் நம் ஊர்ப் புழுக்கம் கணக்கைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. கையடக்க வெப்பமானியால் நோயாளிகளே அளந்த 2007ஆம் ஆண்டு ஆய்வொன்றில், அளந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கும் அளக்காதவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கும் புண் வந்தது. வெறுங்காலோடு ஏறி நின்றால் அளக்கும் பாயும் வந்துவிட்டது. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அது 97 விழுக்காடு புண்களைச் சராசரியாக 37 நாள் முன்பே காட்டியது. ஆனால் பொய் எச்சரிக்கை விகிதம் 57 விழுக்காடு. வீண் அலைச்சல் உண்டு. ஒரு காலை ஏற்கெனவே இழந்தவர்களுக்கு ஒப்பிட மறு கால் இல்லை என்பதும் குறைதான்.

கருவி கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தினமும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது பிள்ளைகளிடம் காட்டலாம். வீட்டுக்குள் நடக்கவென்று தனியாக ஒரு மெத்தைச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அரசாங்கக் கிளினிக்கில் சர்க்கரை பார்க்கப் போகும்போது, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.