தரிசு என்பது நிலமா, நிலையா?

மண்ணைப் பற்றி எழுதப் புலவனுக்கு என்ன உரிமை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். மண்ணியல் கற்ற அறிஞர் நாட்டில் உளர். மண்ணையே உழுது வாழ்வோர் அவரினும் மிகப் பலர் உளர். ஆயினும், ஒரு நிலத்துக்கு நாம் இடும் பெயரே பல வேளைகளில் அதன் விதியை முடிவு செய்துவிடுகிறது. சொற்களின் பொருளை ஆராய்வது தமிழாசிரியன் தொழில். அத்தொழிலின் எல்லைக்குள் நின்றே சம்பூர் மண்ணைப் பற்றிச் சில கூறத் துணிகின்றேன்.

திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவை அடுத்து, மூதூருக்குக் கிழக்கே அமைந்தது சம்பூர். பத்திரகாளி அம்மன் கோயிலால் கிழக்கிலங்கையில் பலரும் அறிந்த ஊர் அது. அதனைச் சூழ்ந்த சிற்றூர்களின் பெயர்களைக் கேட்ட அளவிலேயே நிலத்தின் இயல்பு புலனாகும். சூடைக்குடா என்னும் பெயரில் மீனும் குடாவும் உள. கூனித்தீவு என்பதில் நுண்ணிறாலும் தீவும் உள. கடற்கரைச்சேனை என்பதிலோ கடலோரமும், காடு வெட்டி எரித்துப் பயிரிடும் சேனையும் ஒருங்கே நிற்கின்றன. நெய்தலும் முல்லையும் ஒரே சொல்லில் அடுத்தடுத்து இருப்பதுபோலவே அந்த மண்ணிலும் இருக்கின்றன.

கடற்கரையிலிருந்து உள்நோக்கி நடப்போமாயின், மண் படிப்படியாக மாறுவதைக் காணலாம்.

முதலாவது கரையோர மணல். மழைநீரை இது வாங்கிய வேகத்திலேயே கீழே விட்டுவிடும். பயிருக்கு வேண்டிய உணவுச் சத்தும் இதில் தங்காது. ஆயினும் தென்னை, பனை, மரமுந்திரிகை ஆகியன இதில் வேரூன்றி நிற்கும். மணலின் கீழ் நன்னீர் ஒரு மெல்லிய படையாக உவர்நீரின்மேல் மிதக்கிறது. அளவறிந்து இறைத்தால் கிணறு நன்னீர் தரும். பொறி வைத்து மிகுதியாக இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலேறிவிடும்.

இரண்டாவது களப்போர உவர்நிலம். கோடையில் இதன்மேல் வெண்மையாக உப்புப் பூக்கும். உப்பின் கூறாகிய சோடியம் களியின் கட்டைக் குலைப்பதால், ஈரமானபோது குழைந்தும் காய்ந்தபோது இறுகியும் வேருக்கு வழிவிடாது இம்மண். நம் முன்னோர் களர் என்றது இத்தகைய நிலத்தையே. கல்லாதவர்க்கு வள்ளுவர் களரை உவமை கூறியதால், பயனற்ற நிலத்துக்கு அது மறுபெயராகவே நிலைத்துவிட்டது. ஆயினும் உழவனுக்குப் பயன்படாத அந்நிலத்தின் ஓரத்தில்தான் கண்டல் மரங்கள் வளர்கின்றன; அவற்றின் வேர்களிடையே மீனும் இறாலும் குஞ்சுகளாய் இருந்து பெருகுகின்றன. வலைஞனுக்கு அதுவே விளைநிலம்.

மூன்றாவது தாழ்நிலத்துச் சாம்பல்நிற மண். மழைக்காலம் முழுவதும் நீரில் மூழ்கிக் கிடப்பதால் காற்றுப் புகாது, மண்ணிலுள்ள இரும்பு தன் செந்நிறத்தை இழந்து சாம்பல் நிறம் கொள்கிறது. நீரைத் தாங்கி வைத்திருக்கும் இம்மண்ணே நெல்வயலுக்கு உரியது. மூதூர்ப் பக்கம் செல்லச் செல்ல மகாவலி கொணர்ந்த வண்டலும் இதனோடு சேரும். 335 கிலோமீட்டர் ஓடிவரும் அவ்யாறு கொட்டியாரக் குடாவிலேயே கடலோடு கலக்கிறது.

நான்காவது மேட்டுநிலத்துச் செங்கபில மண். இலங்கையின் மண்வகைகளை மூர்மன், பானபொக்கே என்னும் அறிஞர் இருவர் 1961இல் முறைப்படுத்தி எழுதினர். உலர்வலயத்தில் மிகப் பரந்து கிடப்பது இச்செங்கபில மண்ணே. காய்ந்தால் மண்வெட்டி பாயாது; மிக நனைந்தால் ஏரில் ஒட்டிக்கொள்ளும். முதல் மழைக்குப் பின் வரும் சில நாள்களே இதனை உழத் தக்க பருவம். அப்பருவத்தைத் தவறவிடாத உழவனுக்குச் சோளம், எள், பயறு, கச்சான் ஆகியவற்றை இது தரும். வைகாசிக்குப் பின் வந்து நிலத்தை வறுத்தெடுக்கும் காற்றுக்கும், அதே நிலத்தில் விளையும் கடலைக்கும் கச்சான் என்ற ஒரே பெயரை எம்மக்கள் வழங்குவது சுவைத்தற்குரியது.

இந்நால்வகை மண்ணும் நெடுந்தூரம் இடைவிட்டுக் கிடப்பன அல்ல. மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சில நூறு அடி இறங்குவதற்குள் சிவப்புச் சாம்பலாக மாறிவிடும். ஆகவே, இவ்வூர் முழுவதற்கும் பொதுவாக “நல்ல நிலம்” என்றோ “தீய நிலம்” என்றோ கூறுதல் பொருந்தாது. உலக உணவு விவசாய நிறுவனம் நில மதிப்பீட்டுக்கென 1976இல் வெளியிட்ட நெறிமுறையும் இதனையே வற்புறுத்துகிறது. எந்தப் பயனுக்கு என்று குறிப்பிடாமல் ஒரு நிலத்தைத் தகுதியுடையது என்றோ தகுதியற்றது என்றோ கூறலாகாது என்பது அதன் அடிப்படை. தகுதியற்ற நிலத்தையும் அந்நெறிமுறை இரண்டாகப் பிரிக்கிறது: இப்போதைக்குத் தகாதது ஒன்று, என்றுமே தகாதது மற்றொன்று.

இப்பிரிவு தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் ஐந்திணை வகுத்தார். ஆயினும் நிலம் பகுத்தபோது முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நான்குக்கே நிலம் வழங்கினார். பாலைக்குத் தனிநிலம் தரவில்லை. கோடை வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் தம் தன்மை இழந்த காலத்தில் பாலை தோன்றுகிறது என்பதை இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் விளங்க வைத்தார். மழை பெய்தால் பாலை மீண்டும் முல்லையாகும். அது நிலத்தின் பெயரன்று, நிலத்துக்கு நேர்ந்த ஒரு நிலையின் பெயர். தரிசு என்னும் சொல்லும் அத்தகையதே. களர் மண்ணின் குணத்தைக் கூறும். தரிசு அம்மண்ணில் இப்போது உழவு நிகழவில்லை என்பதை மட்டுமே கூறும்.

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் இடர் சிறிதன்று. 2006ஆம் ஆண்டுப் போரில் சம்பூர் மக்கள் ஊரை விட்டு நீங்கினர். கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்களில் பல ஆண்டுகள் வாழ்ந்தனர். 2007இல் அவர்தம் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர் அங்கே 500 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்றை நிலக்கரி கொண்டு இயக்க இந்திய, இலங்கை அரசுகள் திட்டமிட்டன. 818 ஏக்கர் நிலம் கைத்தொழிலுக்கென ஒதுக்கப்பட்டது.

அவ்வாண்டுகளில் அந்நிலத்தைப் பார்த்த ஒருவர் என்ன கண்டிருப்பார்? வரம்பு உடைந்த வயல், தூர்ந்த கிணறு, பற்றை மூடிய மேட்டுக்காணி ஆகியவற்றையே கண்டிருப்பார். “வெறும் தரிசு” என்றே அவர் எழுதியிருப்பார். ஆனால் பற்றையின் கீழே செங்கபில மண் செங்கபில மண்ணாகவே இருந்தது. தாழ்நிலம் நீர் தாங்கும் தன் இயல்பை விடவில்லை. உதிர்ந்த இலைகள் மக்கியதால் மேல்மண் சில இடங்களில் முன்னிலும் வளம் பெற்றிருத்தலும் கூடும். சேனைப் பயிர் செய்தோர் நிலத்தைச் சில ஆண்டுகள் ஆறப்போட்டது இதன்பொருட்டன்றோ? வேறுபாடு ஒன்றே: அங்கே நிலத்தை ஆறப்போட்டவன் உரியவன், இங்கே உரியவனுக்கு நிலத்தில் கால்வைக்கவும் இடமில்லை.

818 ஏக்கரைப் பற்றிய அறிவித்தல் 2015 மே மாதம் நீக்கப்பட்டது. அவ்வாண்டு முதல் மக்கள் மீளக் குடியேறினர். நிலக்கரித் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது. பற்றையை வெட்டி, வரம்பைக் கட்டிப் பெரும்போகம் விதைத்தவர்கள் நெல் கண்டார்கள். அம்மண் தரிசன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இன்று சம்பூரின் பெயர் வேறொரு திட்டத்தோடு பேசப்படுகிறது. 120 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஒன்றுக்கு 2025 ஏப்ரல் 5ஆம் நாள் இரு நாட்டுத் தலைவர்களும் தொடக்கம் செய்தனர். நிலக்கரியினும் சூரியவொளி நன்று என்பதில் ஐயமில்லை. சாம்பலும் புகையும் அதில் இல்லை. கச்சான் காலத்து வெயிலும் அதற்குக் குறைவில்லாமல் கிடைக்கும். ஆயினும் நல்ல பயனுக்கும் தக்க நிலம் வேண்டும். கண்ணாடித் தகடுகளைத் தாங்க வளமான மண் வேண்டுவதில்லை. கல்லும் பரலும் மிகுந்த மேடே போதும். நெல்லுக்கோ நீர் தாங்கும் பள்ளத்தை விட்டால் வேறிடம் இல்லை. மாட்டுப்பட்டிக்கு மேய்ச்சல் தரை வேண்டும். உழப்படாததால் படத்தில் வெறுமையாகத் தோன்றும் அத்தரையும் பயன்படும் நிலமே என்பதை மறத்தலாகாது.

நாட்டின் எப்பகுதியிலும் இத்தகைய திட்டம் வகுப்போர் மூன்று கேள்விகளைக் கேட்பாராக. இம்மண்ணின் குணம் யாது? இஃது இன்று இந்நிலையில் இருப்பது ஏன்? நேற்று இதில் விளைவித்தவர் யாவர்? முதல் கேள்விக்கு மண்ணியலார் விடை தருவர். மற்றிரண்டுக்கும் விடை ஊராரிடமே உளது. அவர்களைக் கேளாமல் வரையும் நிலப்படம் அரைப்படமே ஆகும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐந்திணையைத் தேர்வுக்குரிய பட்டியலாக மட்டும் கற்பியாது, மாணவரை ஊரின் மேட்டிலிருந்து பள்ளம்வரை ஒருநாள் நடத்திச் செல்லுங்கள். ஒவ்வோரிடத்திலும் ஒரு பிடி மண்ணை எடுத்து நிறம் பார்க்கட்டும். நனைத்து உருட்டிப் பார்க்கட்டும். அந்நிலத்துக்கு ஊரார் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதட்டும். தம் ஊர் மண்ணின் பெயர்களை அறிந்த பிள்ளைகள் வளர்ந்தபின், பிறர் எவரும் அதனைத் தரிசென்று கூறிக் கடந்து செல்ல விடார்.