வீட்டில் பவளப்பாறைத் தொட்டி அமைக்கும் முறை

கடல் மீன்களையும் பவளப்பாறையின் வர்ணங்களையும் வீட்டுக் கூடத்திலேயே கண்டு களிக்க வேண்டுமென்னும் ஆசை இப்பொழுது கிராமங்களிலும் உண்டாகியிருக்கிறது. நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகிய நிலச்சுவான்தார்கள் சிலர், உப்பு ஜலத் தொட்டியையும் அவ்வாறே அமைத்துவிடலாமா என்று என்னை விசாரிக்கின்றனர். அமைக்கலாம். ஆனால், நாற்றங்காலைப் பண்படுத்தாமல் விதை தெளிப்பவன் அடையும் நஷ்டமே, தொட்டியைப் பக்குவப்படுத்தாமல் மீன் விடுபவனுக்கும் நேரும். இதை நான் கேள்வியால் அன்று, அனுபவத்தால் அறிந்தேன்.

தழையுரத்தை மடக்கி உழுதபின் அது நன்கு மட்கும்வரை நடவு செய்யலாகாது என்று பல வருஷங்களாக விவசாயிகளுக்குச் சொல்லி வருபவன் நான். அப்படியிருந்தும் என் முதல் தொட்டியில் ஜலம் நிரப்பிய மூன்றாம் நாளே 6 மீன்களை விட்டேன். ஜலம் ஸ்படிகம்போல் தெளிந்திருந்தது. ஒன்பதாம் நாள் ஒரு மீனும் எஞ்சவில்லை. பிறருக்குச் சொன்ன புத்தி எனக்கு உதவாமற் போன வரலாறு இது. இதே தவறு வாசகர்களுக்கு நேராதிருத்தற்பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இடமும் தொட்டியும்

சிறிய தொட்டியில் உஷ்ணமும் உப்பும் விரைவில் மாறுபடும். ஆகையால் 3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டியே புதியவர்களுக்கு ஏற்றது. இதில் ஏறக்குறைய 180 லிட்டர் ஜலம் கொள்ளும். ஜலம், கண்ணாடி, கல் யாவும் சேர்ந்து 250 கிலோவுக்கு மேல் கனக்குமாதலால், தரைத் தளத்தில், மட்டம் பார்த்த உறுதியான மேடைமேல் வைக்க வேண்டும். வெயில் நேராகப் படும் ஜன்னலருகே வைத்தால் பாசி மிகும், ஜலமும் சூடேறும்.

ஜலமும் உப்பும்

1909-ஆம் வருஷத்தில் சென்னைக் கடற்கரையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட மீன் காட்சிசாலைக்குக் கடல் வாயிலிலேயே இருந்தது. உள்நாட்டில் உள்ளவர்கள் ஜலத்தைத் தாமே தயாரித்துக்கொள்ள வேண்டும். சமையல் உப்பு இதற்கு உதவாது. உப்பளத்தில் கடல் ஜலம் வற்றும்போது சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சம் முன்னரே படிந்துவிடுகிறது. மெக்னீசியச் சத்து கடைசியில் எஞ்சும் கைப்பு நீரிலே தங்கிவிடுகிறது. நடுவில் திரண்ட உப்பை மட்டுமே நாம் உண்கிறோம். கடல் உயிர்களுக்கோ இம்மூன்றும் வேண்டும். ஆகவே இதற்கென விற்கப்படும் கடலுப்புக் கலவையையே வாங்க வேண்டும்.

லிட்டருக்குச் சுமார் 35 கிராம் விகிதம், மேற்கூறிய தொட்டிக்கு ஏறக்குறைய 6½ கிலோ பிடிக்கும். ஹைட்ரோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 காட்ட வேண்டும். கரைக்கும் ஜலம் சவ்வு முறையில் சுத்தி செய்யப்பட்டதாயிருத்தல் அவசியம். கிணற்று ஜலத்தில் நைட்ரேட்டும் பிற உப்புகளும் கலந்திருக்கக்கூடும். செம்புப் பாத்திரத்தை ஒருபோதும் உபயோகிக்கலாகாது. மீன் தாங்கும் செம்பின் அளவே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

தொட்டி பக்குவப்படுதல்

இதுவே முக்கியமான கட்டம். மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது கொடிய விஷம். கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் கேடு பயப்பதே. நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. நாம் வயலில் இடும் எருவும் யூரியாவும் பயிருக்குப் பயன்படுவது இவ்வகை நுண்ணுயிர்களாலேயே. வயலில் அவை முன்பே நிறைந்திருக்கின்றன; புதுத் தொட்டியில் இல்லை. என் மீன்கள் மடிந்த காரணம் இதுவே.

துளைகள் நிறைந்த செயற்கைக் கற்களை அடுக்கி, ஜலத்தைச் சுழற்றும் பம்பையும், கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவியையும் ஓடவிட்டு, ஓர் இறால் துண்டைத் தொட்டியில் இட்டு அழுகவிட வேண்டும். முதலில் அம்மோனியாவும் பின்னர் நைட்ரைட்டும் ஏறி இறங்கும். பரிசோதனைத் திரவத்தைக் கொண்டு வாரம் இருமுறை பார்த்துக் குறித்து வருக. இரண்டும் பூஜ்யமாகச் சாதாரணமாக 4 முதல் 6 வாரங்கள் செல்லும். அதன்பின் ஜலத்தில் ஒரு பகுதியை மாற்றி, இரண்டு மீன்களை மட்டும் முதலில் விடலாம்.

உயிர்களும் சட்டமும்

பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன்கள் முதலில் விடத் தக்கவை. அவை இரை உண்ணப் பழகியவை. கடலில் ஒரு மீனும் குறைவதில்லை. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளை, இவற்றைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை வகுத்திருக்கிறது.

பவளத்தைப் பற்றிக் கிராம அதிகாரிகள் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். பாறை கட்டும் கடினப் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவற்றுடன் கடற்குதிரையும் கடலட்டையும் 2001-ஆம் வருஷத்தில் 1972-ஆம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. உயிருள்ளதாயினும் உலர்ந்ததாயினும் கடலிலிருந்து பவளத்தை எடுப்பதும், வாங்குவதும் குற்றமாகும். கூடையில் பவளக் கல் கொண்டுவந்து மலிவாகக் கொடுப்பவரிடம் வாங்கலாகாது. அத்தகைய விற்பனை நடப்பதாகத் தெரிந்தால் வன இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசியே வெயிலைக் கொண்டு அதற்கு உணவளிக்கிறது. கடல் மிகச் சூடேறினால் பாசி நீங்கிப் பவளம் வெளிறுகிறது. 2016-இல் அங்கே இவ்வாறு நேர்ந்தது. தப்பிப் பிழைத்ததை நாமும் பெயர்த்தெடுத்தல் விதைநெல்லை விற்பதற்கு ஒப்பாகும். பட்டியலில் சேராத மென்பவளத்தை வைக்க விரும்புவோர், தொட்டியிலேயே பெருக்கப்பட்ட கன்றை, உரிய பத்திரங்கள் உடையவரிடம், வன அலுவலரை விசாரித்தபின் வாங்குக. அதுவும் ஆறு மாதங்கள் கழித்தே.

தினசரிக் கவனம்

ஆவியாவது ஜலம் மட்டுமே, உப்பு தங்கிவிடுகிறது. வடிகாலில்லா நிலத்தில் உப்புப் பூப்பதும் இவ்வாறே. ஆகையால் கண்ணாடியில் ஒரு கோடிட்டு, குறைந்த அளவுக்குச் சுத்த ஜலமே ஊற்ற வேண்டும். உப்பு ஜலம் ஊற்றலாகாது. உஷ்ணம் 24 முதல் 27 டிகிரி சென்டிகிரேடுக்குள் நிற்க வேண்டும். கோடையில் ஜலப்பரப்பின்மேல் சிறு விசிறி வீசினால், மண்பானை ஜலம் குளிர்வதுபோல் இரண்டொரு டிகிரி குறையும். உள்நாட்டுக் கோடைக்கு அது போதாது. குளிர்விக்கும் இயந்திரம் வேண்டும். அதற்கும் மின்சாரச் செலவுக்கும் வகையில்லாதவர் நன்னீர்த் தொட்டியோடு நின்றுகொள்வது நலம். மின்சாரம் தடைப்படும் காலத்துக்கு மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை அவசியம் வைத்திருக்க வேண்டும். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு ஜலத்தை மாற்றுக.

என் இரண்டாவது தொட்டியில் மீனின்றி நாற்பது நாட்கள் வெறுங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டிலுள்ளோர் நகைத்தனர். நாற்பத்தொன்றாம் நாள் விட்ட இரு மீன்களும் மூன்றாம் வருஷமாக இன்றும் வாழ்கின்றன. நிலத்தின் பக்குவத்துக்காகக் காத்திருக்கத் தெரிந்த விவசாயிக்கு இப்பொறுமை புதிதன்று.