சூசன் செய்த குற்றம் என்ன?

ஒரு கதைத் தொடர் முடிந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும், "அந்தப் பெண்ணை ஏன் அப்படி விட்டுவிட்டார்?" என்று வாசகர்கள் சண்டைக்கு நிற்கிறார்கள் என்றால் ஆச்சரியமாக இல்லையா? அப்படி ஒரு வழக்கு 1956-இல் இங்கிலாந்தில் ஆரம்பித்தது. இன்றுவரை தீர்ப்பாகவில்லை!

வழக்குக்குக் காரணம், சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா கதைகள். மொத்தம் ஏழு புத்தகங்கள். முதல் புத்தகம் 1950-இல் வந்தது. பிறகு வருஷத்துக்கு ஒன்றாக வந்து, 1956-இல் 'கடைசி யுத்தம்' என்ற ஏழாவது புத்தகத்தோடு முடிந்தது. அந்த ஆண்டின் சிறந்த சிறுவர் நூலுக்கான கார்னகி பதக்கமும் அதற்குக் கிடைத்தது. பதக்கம் கிடைத்தது வாஸ்தவம்தான். ஆனால் படித்தவர்கள் மனசில் ஒரு முள்ளும் தைத்துவிட்டது.

படிக்காத சகோதரிகளுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். இரண்டாம் உலக யுத்தத்தில், குண்டு விழும் என்று பயந்து லண்டன் குழந்தைகளைக் கிராமப்புறத்துக்கு அனுப்பி வைத்தார்கள். அப்படிப் போனவர்கள் பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி என்ற நாலு பேர். தங்கிய வீட்டில் துணி மாட்டும் பழைய மர பீரோ ஒன்று. தொங்கும் கோட்டுகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், பனி கொட்டும் நார்னியா தேசம்! அங்கே அஸ்லான் என்ற சிங்கத்தின் துணையோடு சூனியக்காரியை ஜெயித்து, நாலு பேரும் ராஜா ராணி ஆகிறார்கள். சூசன் மென்மையான குணம் உள்ளவள். ஆனால் வில்லை எடுத்தால் குறி தப்பாது.

கடைசிப் புத்தகத்தில் நார்னியா அழிகிறது. உடன்பிறந்தவர்கள் மூவரும் அஸ்லானின் தேசத்துக்குப் போய்விடுகிறார்கள். சூசன் மட்டும் இல்லை. எங்கே என்று கேட்டால், "அவள் இப்போது நம்மோடு சேர்த்தியில்லை" என்கிற மாதிரி அண்ணனே சொல்லிவிடுகிறான். லிப்ஸ்டிக், நைலான் காலுறை, விருந்து அழைப்பு, இதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லையாம். நார்னியாவெல்லாம் சின்ன வயசு விளையாட்டு என்கிறாளாம். ஆளுக்கொரு குறை சொல்கிறார்கள். பிறகுதான் நமக்கு விஷயம் தெரிகிறது. இவர்கள் எல்லோரும் இங்கிலாந்தில் ஒரு ரயில் விபத்தில் இறந்துவிட்டார்கள். அப்பா, அம்மாவும் அந்த ரயிலில்தான் இருந்தார்கள்.

அப்படியானால் சூசன்? ஒரே நாளில் பெற்றோர், அண்ணன், தம்பி, தங்கை எல்லோரையும் பறிகொடுத்துவிட்டுத் தன்னந்தனியாக நிற்கிறாள்!

வாசகர்கள் சொன்னது

கோபப்பட்டவர்களில் பெரிய எழுத்தாளர்களும் உண்டு. பிலிப் புல்மன் 1998-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் வெளுத்து வாங்கினார். ஒரு பெண் குழந்தைப் பருவம் தாண்டி வளர்கிறாள், அதைக் குற்றம் என்பதா என்பது அவர் கட்சி. ஹாரி பாட்டர் எழுதிய ஜே. கே. ரவுலிங்கும் 2005-இல் கொடுத்த பேட்டியில், லிப்ஸ்டிக்கைக் காரணம் காட்டி சூசனைத் தள்ளி வைத்தது தனக்குச் சம்மதமில்லை என்றார். நீல் கெய்மன் ஒரு படி மேலே போய், 2004-இல் இதையே வைத்து ஒரு சிறுகதை எழுதிவிட்டார்.

லூயிஸ் பக்கம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். அஸ்லானின் தேசம் என்று அவர் சொல்வது சொர்க்கத்தை. உதட்டுச் சாயம் ஒரு அடையாளம்தான், கண்ணால் கண்ட நார்னியாவையே "இல்லை" என்று மறுத்தாளே, அதுதான் குற்றம் என்பது இவர்கள் வாதம். நார்னியா ராணிகள் பட்டும் நகையுமாக வருகிறார்களே, அலங்காரத்தை அவர் எங்கே வெறுத்தார் என்றும் கேட்கிறார்கள். சூசனை நரகத்துக்கு அனுப்பவில்லை, உயிரோடுதான் விட்டு வைத்திருக்கிறார் என்பதும் நியாயமான பேச்சு.

எனக்குத் தோன்றுவது

இரண்டு பக்கமும் கேட்டாயிற்று. மூன்று விஷயங்களை யாரும் தள்ளிவிட முடியாது என்று எனக்குப் படுகிறது.

முதலாவது, எட்மண்ட். முதல் புத்தகத்தில், டர்கிஷ் டிலைட் என்ற மிட்டாய்க்கு ஆசைப்பட்டுக் கூடப்பிறந்தவர்களையே சூனியக்காரியிடம் காட்டிக் கொடுத்தவன் அவன். அவனை மன்னித்து ராஜாவாக்கினார்கள். அவனுக்காக அஸ்லான் உயிரையே கொடுக்கிறது! தம்பிக்கு அத்தனை கருணை. அக்காவுக்குப் பரிந்து பேசக்கூட ஆள் இல்லை. இது என்ன நியாயம்?

இரண்டாவது, சூசன் தானாக நார்னியாவை விட்டு வரவில்லை. 1951-இல் வந்த இரண்டாவது புத்தகத்திலேயே, "உங்களுக்கு வயசாகிவிட்டது, இனி இங்கே வர முடியாது" என்று பீட்டருக்கும் அவளுக்கும் சொல்லியாகிவிட்டது. திரும்பிப் போக முடியாத இடத்தை நினைத்து நினைத்து ஏங்குவதைவிட, "அது வெறும் விளையாட்டு" என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொள்கிறவர்கள் இல்லையா? அது கர்வமாக இருக்கலாம். துக்கமாகவும் இருக்கலாமே!

மூன்றாவது, அந்த நைலான் காலுறை. யுத்த காலத்தில் நைலான் பாராசூட் தைக்கப் போய்விட்டது. 1941-இல் இங்கிலாந்தில் துணிக்கு ரேஷன் வந்து, 1949-இல்தான் நீங்கியது. லூயிஸ் எழுதி வைத்த காலக்கணக்குப்படி அந்த ரயில் விபத்தும் 1949-இல்தான். அப்போது சூசனுக்கு 21 வயசு. பதின்மூன்று வயசிலிருந்து கூப்பன் எண்ணி உடுத்திய பெண், ஒரு ஜோடி நல்ல காலுறைக்கு ஆசைப்பட்டால் அது அவ்வளவு பெரிய பாவமா? நீங்களே சொல்லுங்கள்!

லூயிஸ் என்ன பதில் சொன்னார்?

குழந்தைகள் எழுதும் கடிதங்களுக்குத் தவறாமல் பதில் போடுகிறவர் அவர். 1957-இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய பதிலில், சூசன் கொஞ்சம் அசட்டுத்தனமும் கர்வமும் உள்ளவளாக ஆகிவிட்டாள் என்று சொல்லிவிட்டு, திருந்த அவளுக்கு இன்னும் நிறையக் காலம் இருக்கிறது, முடிவில் அவளும் தன் வழியில் அஸ்லானின் தேசத்துக்கு வந்து சேரலாம் என்கிறார். 1960-இல் இன்னொரு வாசகிக்கு எழுதியது இன்னும் விசேஷம். சூசனின் கதை நீளமானது, பெரியவர்கள் படிக்கும் நாவல் மாதிரி ஆகிவிடும், அதை எழுத எனக்கு விருப்பமில்லை, நீயே எழுதிப் பாரேன் என்கிறார்! 1963-இல் லூயிஸ் காலமானார். சூசனின் கதையை அவர் எழுதவே இல்லை.

கடிதத்தில் காட்டிய கருணையை அவர் புத்தகத்திலேயே ஒரு வரி எழுதியிருக்கலாம். எல்லாக் குழந்தையும் கடிதம் போட்டுப் பதில் வாங்குமா? புத்தகத்தை மட்டும் படித்த பன்னிரண்டு வயசுப் பெண், 'வளர்ந்தால் நம்மையும் வாசலில் நிறுத்திவிடுவார்கள் போலிருக்கிறது' என்றுதானே நினைத்துக்கொள்வாள்?

அதற்காக இந்தப் புத்தகத்தைப் பெண்ணின் கையிலிருந்து பிடுங்க வேண்டாம், சகோதரிகளே. தாராளமாகப் படிக்கட்டும். முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "சூசன் அப்புறம் என்ன செய்திருப்பாள்?" என்று கேளுங்கள். அழுதாளா, வேலைக்குப் போனாளா, கல்யாணம் செய்துகொண்டாளா, தன் குழந்தைக்கு அந்த மர பீரோவின் கதையைச் சொன்னாளா? நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆசிரியரே கொடுத்த அனுமதிதானே! அவள் எழுதுகிற சூசன் லிப்ஸ்டிக்கும் போட்டுக்கொள்ளட்டும், வில்லையும் எடுக்கட்டும்.