கட்டப்படாத சாமான்களும் கட்டுண்ட பிரயாணிகளும்

மோட்டார் விபத்துகளைப் பற்றிப் பேசும்போது, அதிவேகத்தையும் மதுவையும் நித்திரையையும் சாலையின் பழுதுகளையும் குறித்து எவ்வளவோ சொல்லப்படுகிறது. ஆயினும், காருக்குள்ளேயே, பிரயாணிகளின் முதுகுக்குப் பின்னாலும் காலடியிலும், எவருடைய கவனத்துக்கும் உட்படாமல் கிடக்கிற சாமான்கள், மோதல் நேர்ந்த அந்த ஒரு கணத்தில் என்ன செய்யும் என்பதைப் பற்றி யோசிப்பவர்கள் மிகச் சிலரே. குலதெய்வக் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ புறப்படும் ஒரு குடும்பத்தின் காரைத் திறந்து பார்த்தால், பின் சீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேன், அதன் பக்கத்தில் எவர்சில்வர் டிபன் கேரியர், பின் கண்ணாடிக்கு அடியிலுள்ள தட்டில் குடையும் தேங்காய்ப் பையும், டிக்கியில் பெட்டிகளுக்கு மேல் பெட்டிகள், அவற்றின் இடுக்கில் எங்கோ ஓரிடத்தில் ஜாக்கியும் முதலுதவிப் பெட்டியும் என்று, ஏற்றியவருக்கே கணக்குத் தெரியாத ஒரு பாரம் அங்கே சேர்ந்திருக்கும். பிரயாணிகளுக்காவது பெல்ட் இருக்கிறது. இவற்றுக்கு எதுவும் இல்லை.

வேகம் சாமான்களுக்கும் உண்டு

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரில் உள்ள ஒவ்வொரு பொருளும் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில்தான் பிரயாணம் செய்துகொண்டிருக்கிறது. கார் எதன்மீதாவது மோதி நிற்கும்போது, நிற்பது காரும் காரோடு பிணைக்கப்பட்டவையுமே அன்றி, பிணைக்கப்படாதவை தம் பழைய வேகத்தை விடாமல், முன்னால் இருக்கும் சீட்டையோ கண்ணாடியையோ மனிதனின் தலையையோ சந்திக்கும் வரையில் சென்றுகொண்டேயிருக்கின்றன. இந்த வேகம் எவ்வளவு கொடியது என்பதை உணர, அது சுமார் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து, தரையில் விழும் பொருளின் வேகத்துக்குச் சமம் என்று அறிந்தாலே போதும். வேகம் இரட்டிக்கும்போது தாக்கும் சக்தி நான்கு மடங்காகிறது என்பது பௌதிக சாஸ்திரத்தின் விதி. ஆகையால் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காருக்குள் அந்த உயரம் ஏறக்குறைய நாற்பது மீட்டராகிவிடுகிறது.

50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் கார், தன் முன்பகுதி நசுங்குவதனால் அறுபது சென்டிமீட்டர் தூரத்தில் நிற்பதாக வைத்துக்கொண்டால், உள்ளே பிணைக்கப்பட்ட பொருள் ஒவ்வொன்றும் தன் எடையைப்போல் சுமார் பதினாறு மடங்கு பலத்தோடு முன்னோக்கி இழுக்கப்படும். அந்தக் கணக்கின்படி, நிறைந்த தண்ணீர் கேனைப் பிடித்துக்கொள்ளச் சுமார் 320 கிலோ எடையைத் தாங்கும் பிணைப்பு வேண்டும்; சமையல் எரிவாயு நிரம்பிய வீட்டு சிலிண்டர், தன் இரும்பின் எடையையும் சேர்த்து ஏறக்குறைய முப்பது கிலோ இருக்கும் என்பதால், அதற்கு அரை டன் பலமும் அதிகமாகாது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன் என்று சொல்லும் தாயின் அன்பில் ஐயமில்லை. ஆனால் பத்து கிலோ எடையுள்ள குழந்தையை அந்தக் கணத்தில் பிடித்துவைக்க 160 கிலோ பலம் வேண்டுமென்பதால், அந்தக் காரியம் எந்த மனிதருடைய கைகளாலும் ஆகாதது.

பிணைக்கப்படாத பொருளின் நிலைமை இதைவிடக் கடுமையானது. கார் நின்ற பிறகும் அது முழு வேகத்தோடு பறந்து வந்து, ஒரு கடினமான இடத்தில் ஐந்து சென்டிமீட்டருக்குள் நிறுத்தப்படுமானால், ஒரு கிலோ எடையுள்ள தண்ணீர் பாட்டில்கூட சுமார் 200 கிலோ எடையின் பலத்தோடு தாக்கும். பின் சீட்டில் பெல்ட் அணியாமல் உட்கார்ந்திருக்கும் மனிதரும் இந்த விதிக்கு விலக்கல்ல; அவர் தமக்கு மாத்திரமன்றி முன்னால் இருப்பவருக்கும் அபாயமாகிறார். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நிகழ்ந்த விபத்தில், டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரியும் அவரோடு பின் சீட்டில் இருந்தவரும் உயிரிழக்க, முன் சீட்டில் இருந்த இருவர் பிழைத்தனர்; பின்னால் இருந்தவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தனர்.

காருக்குள் அபாயத்தின் ஸ்தானங்கள்

முதலில் கவனிக்கவேண்டியது ஓட்டுநரின் காலடி. உருண்டு வந்த பாட்டில் ஒன்று பிரேக் மிதிக்கு அடியில் சிக்கிக்கொண்டால், விபத்தில் அது பறக்குமோ பறக்காதோ என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லாமல், அதுவே விபத்துக்குக் காரணமாகிவிடும். நழுவும் கால்விரிப்பும், கழற்றிப் போட்ட செருப்பும் இதே தீங்கைச் செய்ய வல்லவை.

இரண்டாவது, டாஷ்போர்டு. நம்மவர்கள் பக்தியோடு அங்கே ஒட்டிவைக்கும் பிள்ளையாரும் வேளாங்கண்ணி மாதாவும் மற்றத் திருவுருவங்களும், பெரும்பாலும் முன்பக்கப் பிரயாணிக்குரிய ஏர்பேக் வெளிப்படும் மூடியின் மேலேயே இருக்கின்றன. அந்தப் பை கண் இமைப்பதற்கு முன்னே, ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குக்கும் உட்பட்ட நேரத்தில், அந்த மூடியைப் பிளந்துகொண்டு விரிவதனால், மூடிமேல் இருக்கும் கல்லோ உலோகமோ எதிரே இருப்பவரின் முகத்தை நோக்கி எறியப்படும். ஏர்பேக் என்ற எழுத்துப் பொறித்த இடத்தை விட்டு, நடுப்பகுதியில், இலேசான படமாகவோ மிருதுவான உருவமாகவோ வைத்துக்கொள்வதனால் பக்திக்கு எந்தக் குறையும் வராது.

மூன்றாவது, பின் கண்ணாடிக்கு அடியிலுள்ள தட்டு. பிரயாணிகளின் தலைமட்டத்தில் அமைந்த அந்தத் தட்டில் வைக்கப்படும் எதுவும் தலைகளையே குறியாகக் கொண்டிருப்பதால், அங்கே ஒரு கைத்துண்டைத் தவிர வேறொன்றும் இல்லாதிருப்பது உத்தமம்.

பாரம் ஏற்றும் முறை

சாமான்களுக்கு உரிய இடம் டிக்கி. ஆனால் டிக்கியில் வைத்துவிட்டதனாலேயே கவலை தீர்ந்துவிடுவதில்லை. ஐக்கிய நாடுகளின் 17-ஆம் எண் வாகன விதிமுறையின்படி, பின் சீட்டின் முதுகுப் பகுதி, பதினெட்டு கிலோ எடையுள்ள இரண்டு பெட்டிகள் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதைத் தாங்குகிறதா என்று பரீட்சிக்கப்படுகிறது. அதாவது, இரண்டு தண்ணீர் கேன்களை ஏற்றினாலே அந்தப் பரீட்சையின் பாரத்தைத் தாண்டிவிடுகிறோம். 25 கிலோ அரிசி சிப்பங்கள் இரண்டை அடுக்கினால் சொல்லவே வேண்டாம்.

ஆகையால், எடை மிகுந்தவற்றை டிக்கியின் தரையில், பின் சீட்டின் முதுகோடு இடைவெளியின்றி ஒட்டி வைக்கவேண்டும். இடைவெளி இருந்தால், அந்தத் தூரத்தைக் கடக்கும்போது பொருள் வேகம் பெற்று மோதும். இலேசானவை மேலே வரலாம். ஆயினும் அடுக்கு, சீட்டின் முதுகின் உயரத்தைத் தாண்டக்கூடாது. மடக்கக்கூடிய சீட்டாயின், அதன் பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்ப்பது அவசியம். பின் சீட்டில் ஆளில்லாதபோதும் பெல்ட்டுகளை மாட்டிவிட்டால், அவை சீட்டின் முதுகைத் தாங்க ஓரளவு உதவும். பெரும்பாலான கார்களின் டிக்கியில் கொக்கிகளோ வளையங்களோ பொருத்தப்பட்டிருக்கின்றன. அவற்றில் ராட்செட் பெல்ட்டையோ தடித்த நைலான் கயிற்றையோ மாட்டி இறுக்கிக் கட்டவேண்டுமேயன்றி, நீளும் ரப்பர் கயிற்றை நம்புவது தவறு. அது சாதாரண அசைவைத் தடுக்குமே தவிர, மோதலின் பலத்தைத் தடுக்காது. டிக்கி நிறைந்து, ஒரு பையைப் பின் சீட்டில் வைத்தே தீரவேண்டுமென்றால், சீட் பெல்ட்டை அதன் கைப்பிடிக்குள் நுழைத்து மாட்டிவிடுவது நல்லது. எரிவாயு சிலிண்டரைக் குடும்பக் காரில் ஏற்றாமலிருப்பதே விவேகம். 

காக்கும் சாதனங்களே தாக்கினால்

ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி, தீயணைப்பான், எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி ஆகிய அவசர சாதனங்களிடத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஆபத்தில் காப்பதற்காகவே சுமக்கப்படும் இவற்றில் பல, காரிலுள்ள பொருள்களிலெல்லாம் கனமும் கடினமும் மிகுந்தவை. ஒருமுறை பஞ்சர் போட்ட பிறகு அவற்றைப் பழைய இடத்தில் பூட்டிவைக்கும் பொறுமை நமக்கு இருப்பதில்லை. ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் திருகை இறுக்கமாக முடுக்கி, ஜாக்கியையும் ஸ்பேனரையும் காரை உண்டாக்கியவர்கள் அவற்றுக்கென அமைத்த பள்ளத்தில் வைத்துப் பூட்டுவதே முறை.

இந்த சாதனங்களுக்குப் பத்திரமான பிணைப்பும் வேண்டும், அவசரத்தில் கைக்கு எட்டும் இடமும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை. சீட்டுக்கு அடியில் வெறுமனே உருட்டிவிடப்பட்ட தீயணைப்பான் பிரேக் மிதியை நோக்கி வரும். டிக்கியின் அடியில் புதைந்த தீயணைப்பானோ, தீ பற்றியபோது எடுக்கவே முடியாது. தீயணைப்பானை, உலோகப் பட்டையுள்ள தாங்கி ஒன்றில், முன் சீட்டின் அருகே திருகாணியால் பொருத்தி, அதன் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளவேண்டும். கண்ணாடியை உடைக்கும் சுத்தியலும் பெல்ட்டை அறுக்கும் கத்தியும், பெல்ட் மாட்டிய நிலையிலேயே ஓட்டுநர் கை நீட்டி எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கவேண்டும். முன் கண்ணாடி அடுக்குக் கண்ணாடியாதலால் உடைந்து உதிராது. பக்கக் கண்ணாடியின் மூலையில்தான் தட்டவேண்டும். முக்கோணத்தையும் முதலுதவிப் பெட்டியையும் டிக்கியில் மற்றச் சாமான்களுக்கு மேலாக, ஓரத்தில் பட்டையால் கட்டிவைக்கலாம். புதிய கார் வாங்கும்போது இவ்விரண்டையும் உடன் தரவேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் ஏற்பாடு. ஆகவே அவற்றைக் கேட்டு வாங்குவது வாங்குபவரின் உரிமை.

சட்டம் சொல்வதும் கொடுப்பதும்

ஓட்டுநர் தம் வண்டியைக் கட்டுப்படுத்துவதற்கு இடையூறாக எவரையும் உட்காரவைக்கவோ எதையும் வைக்கவோ கூடாதென்று, 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 125-ஆம் பிரிவில் சொல்கிறது. காலடியில் உருளும் பாட்டில் வெறும் அஜாக்கிரதை மாத்திரமல்ல என்பது இதனால் விளங்கும். பெல்ட் அணியாததற்கும், பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டிலோ குழந்தைச் சீட்டிலோ பிணைக்காமல் ஓட்டுவதற்கும் 194-பி பிரிவு ஆயிரம் ரூபாய் அபராதம் விதிக்கிறது. பெல்ட் மாட்டாமலே எச்சரிக்கை ஒலியை அடக்கும் போலிக் கொக்கிகளை விற்ற ஐந்து இணைய வர்த்தக நிறுவனங்களுக்கு, 2023 மே மாதத்தில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அவ்விற்பனையை நிறுத்துமாறு உத்தரவிட்டது. புதிய காரில் சீட்டின் பூட்டோ ஸ்டெப்னியின் தாங்கியோ பழுதாயிருந்தால், விற்றவரிடம் எழுத்துமூலம் முறையிட்டு, பலனில்லாவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம்.

விபத்து நேர்ந்துவிட்டால், 108 ஆம்புலன்ஸை அழைப்பது முதற்காரியம். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணும் உதவும். நல்லெண்ணத்தோடு உதவி செய்பவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு சட்டத்தொல்லையிலிருந்து காக்கிறதாகையால், அருகிலிருப்பவர் அஞ்சி ஒதுங்கவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை அளிக்கிறது. 2025-இல் வந்த மத்திய அரசின் திட்டம், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் ஏழு நாள்களுக்குள் ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கு இடமளிக்கிறது.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் பலர் அறியாத ஒரு நுட்பம் உண்டு. சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாம் நபர் பாலிசியை மட்டும் எடுத்திருந்தால், சொந்தக் காரில் இலவசமாக அழைத்துச் சென்ற உறவினருக்கோ நண்பருக்கோ நேரும் காயத்துக்கு அது பொறுப்பேற்பதில்லை. முழுமையான பாலிசிதான் அவர்களையும் காக்கும். காரில் வைத்த சொந்தச் சாமான்கள் சாதாரண பாலிசியில் அடங்குவதில்லை. அதற்குத் தனி இணைப்பு வாங்கவேண்டும். பிறர் வாகனத்தின் தவறால் துன்பப்பட்டவர், மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி, விபத்து நிகழ்ந்த இடத்திலோ தாம் வசிக்கும் இடத்திலோ உள்ள மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம்; அதற்குச் சட்டம் ஆறு மாதக் காலம் வரையறுத்திருப்பதால் தாமதிக்கலாகாது.

ஆனால் இந்த இழப்பீடுகளும் சிகிச்சைகளும் விபத்துக்குப் பின் வருவன. சாமான்களைக் கட்டுவதோ விபத்துக்கு முன்னே, வீட்டு வாசலிலேயே முடிந்துவிடக்கூடிய காரியம். எதிரே வருகிற லாரிக்காரரின் ஜாக்கிரதை நம் வசத்தில் இல்லை. நம் காருக்குள் எது எங்கே இருக்கவேண்டும், எதை எதனோடு கட்டவேண்டும் என்பதோ முற்றிலும் நம் வசத்தில் இருக்கிறது. அதைச் செய்து முடித்த பிறகே சாவியைத் திருப்புவது என்று ஓட்டுநர் நியமம் வைத்துக்கொள்ளவேண்டும், அவர் மறந்தால் நினைவூட்டிக் காத்திருப்பது உடன் செல்லும் ஒவ்வொருவருடைய உரிமை.